காட்டு வான்கோழி வேட்டை: முதல்முறை போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் வாழ்கிற, வேட்டை என்பதையே அறியாமல் வளர்ந்த தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பென்சில்வேனியா, நியூயார்க் மாநிலங்களைச் சேர்ந்தவை. அங்கே இருப்பது கிழக்கத்திய வகை வான்கோழி. டெக்சாஸில் ரியோ கிராண்டே வகை, ஃபுளோரிடாவின் தெற்கில் ஓசியோலா வகை என்று இடத்துக்கு இடம் மாறினாலும் பறவையின் குணம் ஏறக்குறைய ஒன்றுதான். மாறுவது சட்டம். அதற்கு உங்கள் மாநில வனவிலங்குத் துறை அந்தந்த ஆண்டு வெளியிடும் கையேட்டைத்தான் நம்ப வேண்டும். என்னையோ, பக்கத்து வீட்டுக்காரரையோ அல்ல.

இந்தியாவில் வேட்டைக்குச் சிறைத் தண்டனை. இங்கே எப்படி அனுமதிக்கிறார்கள்?

இந்தியாவில் 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்தியது. அமெரிக்கா வேறு வழியில் போனது. இங்கேயும் ஒரு காலத்தில் காட்டை வெட்டியும் கண்டபடி சுட்டும் வான்கோழியை அழித்தார்கள். நியூயார்க் மாநிலத்தில் 1840களின் நடுவில் அது அடியோடு இல்லாமல் போனது. நூறு ஆண்டுகள் கழித்து, 1948 வாக்கில், வடக்குப் பென்சில்வேனியாவில் எஞ்சியிருந்த கூட்டத்திலிருந்து சில பறவைகள் எல்லை தாண்டித் தாமாகவே வந்து சேர்ந்தன. பண்ணையில் வளர்த்த பறவைகளைக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள்; அவை பிழைக்கவில்லை. தாய் சொல்லித்தராத குஞ்சுக்கு நரி யார், பருந்து யார் என்று தெரியாது. 1959இலிருந்து காட்டுப் பறவைகளையே வலைவீசிப் பிடித்து வேறு காடுகளில் விடத் தொடங்கினார்கள். அதுதான் பலித்தது.

இத்தகைய பணிகளுக்கு நாடு முழுவதும் பணம் வந்தது பெரும்பாலும் வேட்டைக்காரர்களிடமிருந்துதான்: உரிமக் கட்டணம் ஒருபுறம், நீள்துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் விதிக்கப்படும் 11 சதவீத வரி மறுபுறம். அந்த வரியை வனவிலங்குப் பணிக்கு ஒதுக்கும் சட்டம் 1937இல் வந்தது. ஆகவே இங்கே வேட்டை என்பது பருவம், எண்ணிக்கை, நேரம் எல்லாம் வரையறுக்கப்பட்ட ஒன்று. கொல்வதில் மனம் ஒப்பாதவர்கள் கேமராவோடு போகலாம். கீழே சொல்லும் பெரும்பாலானவை அவர்களுக்கும் பயன்படும்.

எச்1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கியைத் தொடலாமா?

இந்தக் கேள்வியை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எச்1பி, எல்1, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது கூட்டரசுச் சட்டத்தின் பொது விதி. நண்பரின் துப்பாக்கியைச் சுடுதளத்தில் சற்று நேரம் கையில் வாங்குவதுகூட 'வைத்திருத்தல்' ஆகலாம். ஆனால் அதே சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. ஏதேனும் ஒரு மாநிலம் முறையாக வழங்கிய, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உங்களிடம் இருந்தால் அந்தத் தடை உங்களுக்குப் பொருந்தாது. உரிமம் காலாவதியானால் விலக்கும் அத்தோடு போய்விடும். அப்போது வீட்டுப் பரணில் மறந்துபோன ஒரு பெட்டித் தோட்டாகூட வில்லங்கம்தான்.

நிரந்தர வசிப்புரிமை அட்டை, அதாவது கிரீன் கார்டு, வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குறிப்பிட்ட தடை இல்லை. இதற்கு மேல் மாநிலச் சட்டங்கள் தனி. வில்லும் அம்பும் கூட்டரசுத் துப்பாக்கிச் சட்டத்தில் வருவதில்லை. எப்படியிருந்தாலும், தொடங்கும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் அரை மணிநேரம் பேசிவிடுங்கள். அந்தக் கட்டணம், விசாவில் சிக்கல் வந்தால் ஆகும் செலவில் தூசு.

எங்கிருந்து தொடங்குவது?

வேட்டைக் கல்வி வகுப்பிலிருந்து. முதல்முறை உரிமம் வாங்குகிறவர்கள் அந்தச் சான்றிதழைக் காட்ட வேண்டும். பாடத்தில் பாதி துப்பாக்கிப் பாதுகாப்பு, மீதி சட்டமும் நெறியும். வகுப்புகள் வசந்தத்துக்கு முன் வேகமாக நிரம்பிவிடும். குளிர்காலத்திலேயே பதிவு செய்யுங்கள். வகுப்புக்கு முன் ருசி பார்க்க விரும்பினால், பென்சில்வேனியாவில் பெரியவர்களுக்கும் வழிகாட்டியோடு போகும் அனுமதி ஒன்று உண்டு: உரிமம் பெற்ற அனுபவசாலி ஒருவர் கூடவே இருக்க வேண்டும். என் கருத்தில் முதல் காலை அப்படித்தான் போக வேண்டும்.

எதைச் சுடலாம்? ஆணையும் பெண்ணையும் எப்படிப் பிரித்தறிவது?

வசந்த காலத்தில் சேவலை மட்டும்தான். சட்டப் புத்தகத்தில் பல மாநிலங்கள் 'தாடியுள்ள பறவை' என்று எழுதியிருக்கும். நெஞ்சிலிருந்து குதிரைமயிர் போலத் தொங்கும் கறுப்புக் கற்றைதான் தாடி. சேவலின் தலை வழுக்கை. சிவப்பும் வெள்ளையும் நீலமும் நொடிக்கு நொடி மாறும். உடல் கறுத்து மினுங்கும். காலில் முள் இருக்கும். எடை 16 முதல் 24 பவுண்டு. பெட்டை பழுப்பு நிறம், பாதி எடை, தலையில் மெல்லிய இறகுகள்.

சில பெட்டைகளுக்கும் தாடி முளைக்கும். சட்டம் அனுமதித்தாலும் அதை விட்டுவிடுங்கள். மே மாதத்தில் அது பத்துப் பன்னிரண்டு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருக்கலாம்.

ஒரு வயதுச் சேவலின் தாடி விரல் நீளம் இருக்கும். வாலை விரித்தால் நடுவிறகுகள் மட்டும் நீண்டு தெரியும். முதல் ஆண்டில் அதைச் சுடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 'கிழட்டுச் சேவல்தான் சேவல்' என்று கூடாரத்தில் பெருமை பேசுகிறவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள்.

எந்தத் துப்பாக்கி? எவ்வளவு தூரம்?

ஷாட்கன், அதாவது ஒரே தோட்டாவிலிருந்து பல சிறு ரவைகளைச் சிதறவிடும் துப்பாக்கி. கேஜ் என்பது குழலின் அளவு; எண் கூடினால் குழல் சிறியது. 12 கேஜ் வழக்கமானது. 20 கேஜ் போதுமானது, தோளுக்கும் நல்லது. மூன்றரை அங்குலத் தோட்டா உங்கள் பல்லைத்தான் ஆட்டும். அதைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். இறுக்கமான சோக் ஒன்று பொருத்துங்கள்; குழல் முனையைக் குறுக்கி, ரவை அதிகம் சிதறாமல் வைக்கும் துண்டு அது. ஈய ரவையில் 4, 5, 6 ஆம் எண்கள் வழக்கம்; எண் கூடக்கூட ரவை சிறியது. டங்ஸ்டன் ரவை ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தி. 9 ஆம் எண் போன்ற பொடி ரவையே போதும். விலைதான் பல மடங்கு. மாநிலத்துக்கு மாநிலம் ரவை அளவுக்கு வரம்பு உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

குறி உடலில் அல்ல, கழுத்தில்: இறகு முடிந்து வெறுந்தோல் தொடங்கும் இடம். உடலில் சுட்டால் இறகும் தசையும் ரவையைத் தாங்கிக்கொள்ளும். பறவை பறந்துபோய்ப் புதரில் செத்துக் கிடக்கும், யாருக்கும் பயனில்லை.

சீசனுக்கு முன் வான்கோழித் தலை வரைந்த தாளில் 20, 30, 40 கஜத்தில் சுட்டுப் பாருங்கள். எந்தத் தூரத்தில் தலையிலும் கழுத்திலும் ரவை அடர்த்தியாக விழுவது நிற்கிறதோ, அதுதான் உங்கள் எல்லை. தோட்டா உறையில் அச்சிட்டிருப்பது எல்லை அல்ல. ஈய ரவைக்கு 40 கஜத்துக்கு மேல் யோசிக்கவே வேண்டாம். பலரும் சோதிக்காத இன்னொரு தூரம் 10 கஜம். இறுக்கமான சோக்கில் அங்கே ரவைக் கூட்டம் ஒரு கைப்பிடி அளவுதான் இருக்கும். அருகில் வந்த சேவலைத் தவறவிடுவது அதனால்தான். கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையிலிருந்து எடுத்தாலும் ரவை தலைக்கு மேல் போய்விடும்.

பறவையைக் கூப்பிடும் கருவிகளில் எதை வாங்குவது?

மரப்பெட்டி அல்லது சிலேட்டு. பெட்டியின் மூடியைப் பக்கச் சுவரில் உரசினால் பெட்டையின் குரல் வரும். 1897இலேயே காப்புரிமை பெற்ற சங்கதி அது. சிலேட்டு என்பது வட்டத் தட்டும் ஒரு குச்சியும்; மெல்லிய குரலுக்கு இதைவிட நல்லது இல்லை. வாயில் வைக்கும் சவ்வுக் கருவியைப் பழக மாதங்கள் ஆகும். ஆனால் சேவல் பக்கத்தில் வந்தபின் கை அசையாமல் கூப்பிட அது ஒன்றால்தான் முடியும். காரில் போகும்போது பழகுங்கள். வீட்டில் பழகினால் மனைவியோ கணவரோ இந்த வேட்டையையே தடை செய்துவிடுவார்.

மூன்று ஒலிகள் போதும். யெல்ப் என்பது பெட்டையின் சாதாரண அழைப்பு, ஐந்தாறு சுரமாகத் தொடர்ந்து வரும். கிளக் ஒற்றைச் சத்தம், 'இங்கே இருக்கிறேன்' என்பது போல. பர் மேயும்போது எழுப்பும் நிம்மதியான முனகல். நான்காவதாக ஒன்றைக் கேட்டால் அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும்: 'பட்' என்ற கூரிய எச்சரிக்கைச் சத்தம். அது வந்துவிட்டால் உங்களைப் பார்த்துவிட்டது என்று பொருள்.

காட்டில் எங்கே தேடுவது?

கூப்பிடும் திறமையைவிட இதுதான் முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். சேவல் ஏற்கெனவே போக நினைத்திருக்கும் இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் சுமாரான யெல்ப் போதும். அது போக விரும்பாத இடத்தில் உட்கார்ந்து எவ்வளவு இனிமையாகக் கூப்பிட்டாலும் வராது.

ஆகவே சீசனுக்கு முன் தடம் பாருங்கள். காய்ந்த இலைகளைக் கிளறிய இடங்கள்; புழுதியில் குளித்த குழிகள்; மண்பாதையில் சேவல் இறக்கை நுனியை இழுத்துப்போன கோடுகள். எச்சத்திலும் ஆண், பெண் உண்டு: சேவலுடையது கொக்கி போல வளைந்து நீளமாக, பெட்டையுடையது சுருண்டு உருண்டையாக இருக்கும். மாலையில் பெரிய மரங்களில் அடையும். விடியலில் அங்கிருந்துதான் முழங்கும். சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்தில் ஆந்தைபோல் ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள். திடுக்கிட்டுச் சேவல் பதில் முழக்கம் இட்டால் அதன் அடை மரம் தெரிந்துவிடும். இந்த வேவு பார்க்கும் நாட்களில் பெட்டைக் குரலை எழுப்பாதீர்கள். சீசனுக்கு முன்பே பறவைக்குப் பாடம் நடத்திவிடுவீர்கள்.

நிலம் என்றால், பென்சில்வேனியாவில் மாநில வேட்டை நிலங்கள் சுமார் 15 லட்சம் ஏக்கர் இருக்கின்றன. தனியார் பண்ணையில் அனுமதி கேட்க நம்மவர்கள் தயங்குவதுண்டு. சீசனுக்கு வாரங்கள் முன், பகல் நேரத்தில், சாதாரண உடையில் போய்க் கதவைத் தட்டுங்கள். உருமறைப்பு உடையில் விடியற்காலையில் போய் நிற்காதீர்கள். மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். தீவனம் தூவிப் பறவையை வரவழைப்பது பெரும்பாலான மாநிலங்களில் குற்றம்.

வேட்டை நாளன்று எத்தனை மணிக்கு, எங்கே உட்காருவது?

சூரிய உதயத்துக்கு ஒரு மணிநேரம் முன்பே இடத்தில் இருங்கள். சுடலாம் என்ற நேரம் பொதுவாக உதயத்துக்கு அரை மணி முன் தொடங்கும். நியூயார்க்கில் மே முழுவதும் சீசன். நண்பகலோடு அன்றைய வேட்டை முடிந்தது. பென்சில்வேனியாவில் முதல் இரு வாரம் நண்பகல் வரை, பிறகு மாலை வரை.

அடை மரத்துக்கு அடியில் போகாதீர்கள்; நூறு கஜம் தள்ளி இருங்கள். உங்கள் தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். அது உங்கள் உருவத்தை மறைக்கும்; பின்னாலிருந்து யாராவது அவசரப்பட்டுச் சுட்டால் காக்கவும் செய்யும். வலக்கைக்காரர் இடத்தோளைப் பறவை வரும் பக்கம் திருப்பி, துப்பாக்கியை முழங்காலில் தாங்கி வைக்க வேண்டும்.

இப்போது கொஞ்சம் நிலத்தைப் பற்றி. சேவல் மேட்டை நோக்கி ஏறி வரவோ, சமதளத்தில் நடக்கவோ தயங்காது. பள்ளத்தில் இறங்கி வரத் தயங்கும். இடையில் ஓடை, கம்பிவேலி, அடர்ந்த முட்புதர் இருந்தால் அங்கேயே நின்றுவிடும். ஆகவே அதற்கும் உங்களுக்கும் நடுவில் தடை எதுவும் இல்லாதபடி உட்காருங்கள். இன்னொன்று இதைவிட முக்கியம். சத்தம் எங்கிருந்து வந்தது என்பதை வான்கோழி அடி பிசகாமல் கணித்துவிடும். அந்த இடம் கண்ணில் பட்டதும் அங்கே பெட்டையைத் தேடும். 80 கஜத்திலிருந்தே அந்த இடம் தெரிந்து, பெட்டையைக் காணவில்லை என்றால், மேற்கொண்டு ஓர் அடி எடுத்து வைக்காது. ஆகவே மேட்டின் விளிம்புக்குச் சற்றுப் பின்னால், பாதையின் வளைவுக்கு அப்பால் உட்காருங்கள். 'பெட்டை எங்கே' என்று எட்டிப் பார்க்கும் இடமே உங்கள் 30 கஜத்துக்குள் இருக்க வேண்டும். வழிகாட்டிகள் பாதி நேரம் மரங்களையே பார்த்துக்கொண்டு நடப்பது இதற்காகத்தான்.

சேவல் விடாமல் முழங்குகிறது, ஆனால் வரமாட்டேன் என்கிறது. ஏன்?

இயற்கையில் சேவல் முழங்கும். பெட்டைதான் அதைத் தேடிப் போகும். நீங்கள் அந்த ஒழுங்கைத் தலைகீழாக்கப் பார்க்கிறீர்கள். 'நீ வா' என்று அது அங்கே நிற்கிறது. கூடவே பெட்டைகள் இருந்தால் இன்னும் கடினம்: கையில் இருப்பதை விட்டு யார் வருவார்கள்?

முதல் மருந்து, வாயை மூடுவது. பதில் கிடைத்ததும் உற்சாகத்தில் மீண்டும் மீண்டும் கூப்பிடுவது புதியவர்களின் வழக்கம். ஒவ்வொரு பதிலும் 'பெட்டை வந்துகொண்டிருக்கிறது, நின்றால் போதும்' என்று சேவலுக்குச் சொல்கிறது. இரண்டு முறை பேசிவிட்டு மௌனமாகுங்கள். இலைகளைக் கையால் லேசாகக் கிளறுங்கள். முழக்கம் நின்றுவிட்டால் போய்விட்டது என்று எழுந்து நிற்காதீர்கள். சத்தமே இல்லாமல் வரும் சேவல்கள் ஏராளம். இன்னும் அரை மணி, முடிந்தால் அதற்கு மேலும், உட்காருங்கள்.

இரண்டாவது மருந்து, நேரம். ஒன்பது மணிக்கு மேல் பெட்டைகள் ஒவ்வொன்றாக முட்டையிடப் போய்விடும். விடியலில் உங்களைச் சட்டை செய்யாத அதே சேவல் பத்து மணிக்குத் தனியாக அலையும். பெரும்பாலானோர் அதற்குள் காலை உணவுக்குப் போயிருப்பார்கள்.

பொம்மைக் கோழி வேண்டுமா?

திறந்த வயலில் உதவும். காட்டுக்குள் பெரிதாகத் தேவையில்லை. ஒரு பெட்டைப் பொம்மையை 20 கஜத்தில் வைக்கலாம். பொதுநிலத்தில் சேவல் பொம்மையோ விரித்த வால் விசிறியோ வேண்டவே வேண்டாம். காரணம் அடுத்த பதிலில்.

இது ஆபத்தான வேட்டையா?

எல்லோரும் மறைந்திருக்கிறார்கள், எல்லோரும் வான்கோழிபோல் குரல் கொடுக்கிறார்கள், அரையிருளில் கையில் துப்பாக்கி. விதிகளை மீறினால் ஆபத்துதான்.

சிவப்பு, வெள்ளை, நீலம், கறுப்பு இவற்றில் எதையும் அணியாதீர்கள். காலுறை, கைக்குட்டை, உள்பனியன் கழுத்து உட்பட. அவை சேவலின் நிறங்கள்; யாராவது சேவல் என்று நினைத்துச் சுட்டுவிடலாம். சேவல் பொம்மை வேண்டாம் என்றதும் இதனால்தான். முழக்கம் கேட்கும் திசையில் பதுங்கிப் போகாதீர்கள். அங்கே இருப்பது ஒரு மனிதராக இருக்கலாம். பென்சில்வேனியாவில் பதுங்கிப் போய்ச் சுடுவது சட்டப்படியே தவறு. உட்கார்ந்து கூப்பிட மட்டும்தான் அனுமதி. யாராவது உங்கள் பக்கம் வந்தால் கையை ஆட்டாதீர்கள், வான்கோழிக் குரலில் எச்சரிக்காதீர்கள். அசையாமல் இருந்தபடி உரக்க, மனிதக் குரலில் பேசுங்கள். வேட்டை கெட்டுப்போகும், போகட்டும். நடக்கும்போது ஆரஞ்சுத் தொப்பி அணியுங்கள். பறவையைத் தூக்கி வரும்போது ஆரஞ்சுத் துணியில் சுற்றுங்கள். தலையும் தாடியும் முழுதாகத் தெரியும் வரை விரல் விசைக்குப் போகக் கூடாது.

உடையைப் பற்றி வேறு ஏதாவது?

முகமூடியும் கையுறையும் அவசியம். வான்கோழிக்கு மோப்பம் குறைவு, ஆனால் பகலில் கண் அபாரம், நிறமும் தெரியும். நல்ல இருக்கை வாங்குங்கள். அசையாமல் உட்கார அதுதான் உதவும். மே மாதம் உண்ணிப் பருவம். லைம் நோயைப் பரப்பும் உண்ணி கடுகைவிடச் சிறியதாக இருக்கும். உடையில் பெர்மெத்ரின் என்ற உண்ணிக்கொல்லி மருந்தைத் தெளித்துக் காயவிடுங்கள், திரும்பியதும் உடல் முழுவதும் தேடுங்கள். லோன் ஸ்டார் என்ற வேறொரு உண்ணி கடித்தால் சிலருக்கு ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சிக்கு ஒவ்வாமை வந்துவிடுகிறது. வான்கோழிக் கறியை அப்போதும் சாப்பிடலாம் என்பது ஓர் ஆறுதல்.

சேவல் எதிரே வந்துவிட்டது. எப்போது சுடுவது?

அதன் தலை மரத்துக்குப் பின்னால் போகும்போதோ, விரித்த வால் உங்களை மறைக்கும்போதோ துப்பாக்கியை நகர்த்துங்கள். மற்ற நேரத்தில் கண்ணிமைகூட மெதுவாக. வாலை விரித்து நிற்கையில் கழுத்து உள்ளே சுருங்கியிருக்கும், அப்போது சுடாதீர்கள். ஒரு கிளக் கொடுத்தால் தலையை நீட்டிப் பார்க்கும். பின்னால் வேறு பறவையோ மனிதரோ இல்லை என்று உறுதிசெய்துவிட்டுச் சுடுங்கள்.

பின்னர் துப்பாக்கியின் பாதுகாப்பு விசையைப் போட்டுவிட்டு விரைந்து போங்கள், ஓட வேண்டாம். இறந்த பறவையும் சற்று நேரம் சிறகடிக்கும். கால் முள் கையைக் கிழிக்கும். இடத்தைவிட்டு நகரும் முன் டேக் எனப்படும் வேட்டை அடையாளச் சீட்டை நிரப்பிப் பறவையின் காலில் கட்டுங்கள். கையேட்டில் சொன்ன கெடுவுக்குள் இணையத்திலோ தொலைபேசியிலோ தெரிவிக்க வேண்டும்.

கறி எப்படி இருக்கும்?

கடையில் வாங்கும் வெள்ளை வான்கோழியோடு ஒப்பிட முடியாது. கொழுப்பு மிகக் குறைவு, நிறம் அடர்த்தி, ருசி அதிகம். வெயில் ஏறும் முன் குடலை எடுத்து, உடலைக் குளிரவையுங்கள். நெஞ்சுக்கறியை மெல்லிய துண்டுகளாக நறுக்கி மிளகு வறுவலாகச் செய்தால் நன்றாக வரும். உள்வெப்பம் 74 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் இறக்கிவிடுங்கள், தாண்டினால் மரத்தூள். காலில் எலும்பாகவே இறுகிய நரம்புகள் இருக்கும். பிரஷர் குக்கரில் நீண்ட நேரம் வேகவைத்து, நரம்பை உருவி எறிந்துவிட்டுக் குழம்பு வையுங்கள். பலர் நெஞ்சை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை எறிகிறார்கள். குழம்பு வைக்கத் தெரிந்த நமக்கு அந்த மன்னிப்பு இல்லை. குழந்தைகளுக்குப் பரிமாறும் முன் ரவை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கறியை விற்பது குற்றம், கொடுக்கலாம்.

மழை பெய்தால்?

போகலாம். காட்டுக்குள் சொட்டும் சத்தத்தில் காது மந்தமாவதால் வான்கோழிகள் திறந்த வயலுக்கு வந்து நிற்கும். இடி மின்னல் என்றால் வீட்டில் இருங்கள்.

வசந்தத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டுமா?

பல மாநிலங்களில் இலையுதிர் காலத்திலும் ஒரு சீசன் உண்டு; சில இடங்களில் பெட்டையையும் சுட அனுமதிப்பார்கள். அது வேறு ஆட்டம். முழக்கம் கிடையாது, அந்த ஆண்டுக் குஞ்சுகள் தாயோடு கூட்டமாகத் திரியும். கூட்டத்தைக் கலைத்துவிட்டு, கலைந்த இடத்திலேயே உட்கார்ந்து, தாயைத் தேடும் குஞ்சின் 'கீ-கீ' குரலை எழுப்ப வேண்டும். சிதறியவை ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். சில கிழக்கு மாநிலங்களில் பறவை எண்ணிக்கை குறைந்துவருவதால் இந்தச் சீசனைச் சுருக்கியிருக்கிறார்கள். ஆகஸ்டு வாக்கில் புதிய கையேட்டைப் பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள்.